வாய்தா கேட்ட தேவாங்கும் நாலு முட்டைகளும்

ஒரு காட்டில் ஒரு ராணுவம் இருந்தது. அந்தக் காட்டுக்கு எதிரி என்று யாரும் கிடையாது. அதனால் ராணுவம் ரொம்பக் கண்டிப்பாக இருந்தது. காலை ஆறு மணிக்கு அணிவகுப்பு. ஏழு மணிக்கு, ஆறு மணி அணிவகுப்பு ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க இன்னொரு அணிவகுப்பு. எட்டு மணிக்குக் கஞ்சி. கஞ்சி வரிசையில் வால் வளைந்து நின்றால் கஞ்சி கிடையாது. நாய்ப் படையில் பாதிப்பேர் பட்டினி.

இந்த ராணுவத்தில் தீத்தாரப்பன் என்று ஓர் ஆள்காட்டிக் குருவி சிப்பாயாக இருந்தான். பாரா பார்ப்பது அவன் வேலை. யாராவது வந்தால் கத்த வேண்டும், அவ்வளவுதான். அதற்கு யாரும் அவனுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. ஆள்காட்டிக் குருவிக்குக் கத்தாமல் இருக்கத்தான் பயிற்சி வேண்டும். அதை யாரும் கொடுக்காமல் விட்டதுதான் இத்தனை வினைக்கும் காரணம்.

படைக்குத் தளபதி ஒரு காட்டுப்பன்றி. ஊர்க்காரர்களின் கடலைக் காட்டுக்குள் எந்தச் சிப்பாயும் கால் வைக்கக் கூடாது, அது படைக்கு மானக்கேடு என்று உத்தரவு போட்டிருந்தார். ஒருநாள் மதியம். படை மொத்தமும் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. வேலியைத் தாண்டி யாரோ வந்தார்கள். தீத்தாரப்பன் யார் எவர் என்று பார்க்கவில்லை. "டிட்டிட்டீ" என்று காடே அதிரக் கத்திவிட்டான்.

ஒரே நிமிடத்தில் முந்நூறு சிப்பாய்கள் எழுந்து வரிசையாக நின்றார்கள். எதிரே தளபதி. மூக்கெல்லாம் மண். வாயில் வேரோடு ஒரு கடலைச் செடி.

வரிசையைக் கலையச் சொல்லி உத்தரவு போடத் தளபதி ஒருவருக்குத்தான் அதிகாரம். வாயில் செடி இருந்தால் உத்தரவு எப்படி வரும்? இலை, தண்டு, வேர், கடலை என்று முந்நூறு பேர் பார்க்க முழுச் செடியையும் மென்று விழுங்கிய பிறகுதான் "கலையலாம்" என்றார். கூடவே ஒரு ஏப்பமும் வந்தது.

மறுநாளே குற்றப் பத்திரிகை வந்தது. எதிரி இல்லாதபோது எதிரி வந்ததாகக் கூவிப் படையின் மதிய உறக்கத்தைக் கெடுத்தான் என்று எழுதியிருந்தது. கடலைச் செடி பற்றி ஒரு எழுத்து இல்லை. தண்டனை என்ன என்பதையும் கீழேயே போட்டிருந்தார்கள். வேலை பறிப்பு, தீர்ப்பு நாளன்று பொழுது சாய்வதற்குள் ராணுவ நிலத்தைக் காலி செய்ய வேண்டும்.

வேலை போனால் போகட்டும், கத்துகிறவனுக்கு எங்கேயும் வேலை உண்டு. நிலம்தான் சிக்கல். அணிவகுப்பு மைதானத்தின் ஓரத்தில், கூழாங்கற்களுக்கு நடுவில், அவன் பெண்டாட்டி பேச்சி நாலு முட்டை இட்டிருந்தாள். ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாது. இட்ட இடத்திலேயே இருபத்தெட்டு நாள் அடைகாக்க வேண்டும். கோர்ட் கூடும் நாளில் நாலு நாள்தான் ஆகியிருக்கும். தூக்கிக்கொண்டு போக முட்டை என்ன பெட்டி படுக்கையா?

ராணுவத்தில் இலவசமாக ஒரு வக்கீல் கொடுப்பார்கள். கேப்டன் ஆமை. அவருடைய பதவி உயர்வுக் காகிதம் தளபதியின் மேஜையில் ஒரு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தலையை வெளியே நீட்டிக் கதையைப் பொறுமையாகக் கேட்டார். தளபதி என்ற சொல் வந்ததும் தலை உள்ளே போய்விட்டது. குற்றத்தை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் கஞ்சி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. முட்டைகளைப் பற்றிக் கேட்டான் தீத்தாரப்பன்.

"முட்டை நம்ம துறையில வராதுப்பா" என்றது ஓடு.

பேச்சிக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். சந்தையில் அவளைக் கண்டால் வியாபாரிகள் கடையைச் சாத்துவார்கள். "ராணுவம் குடுக்குற வக்கீலு ராணுவத்துக்குத்தான் வக்கீலு. வெளிய ஒரு ஆளப் பிடிப்போம்" என்றாள். அப்படிச் செய்யலாமா என்று விதிப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். செய்யலாம் என்றுதான் இருந்தது. அந்தப் பக்கத்தை அதுவரை யாரும் திறக்காததால் கரப்பான் பூச்சி ஒன்று குடும்பத்தோடு அங்கே குடியிருந்தது.

தீத்தாரப்பனை இருந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று காவலில் வைத்திருந்தார்கள். இருந்த இடம் முட்டை மேல். அவன் அடைகாத்தான், பேச்சி வக்கீலைத் தேடிப் போனாள்.

வக்கீல் பிடிப்பது மாடு பிடிப்பது மாதிரி இல்லை. மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். வக்கீலிடம் நாம்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். புளியமரத்துத் தேவாங்கு வக்கீல் பகலில் பாதித் தூக்கத்தில்தான் இருப்பார். கண்கள் மட்டும் இரண்டு தட்டு அகலத்துக்குத் திறந்திருக்கும். பார்த்தால் இவர் நமக்காக அழப்போகிறார் என்று தோன்றும். மரத்தடியில் கட்சிக்காரர்கள் கூட்டம். எல்லாம் புற்றுத் தகராறு, வரப்புத் தகராறு, பொந்துத் தகராறு.

"முப்பது வருஷமா ஒரு கேஸ்லயும் நான் தோத்ததில்லம்மா" என்றார் வக்கீல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கொட்டாவி விட்டு.

பேச்சி அந்த இடத்திலேயே விழுந்துவிட்டாள். ஆனால் கூலி என்று வந்தபோது எழுந்துவிட்டாள். ஒரு வாய்தாவுக்குப் பத்து வெட்டுக்கிளி என்றார் அவர். வெட்டுக்கிளி என்ன மரத்தில் காய்க்கிறதா என்றாள் அவள். வாய்தாவுக்கு இவ்வளவு என்ற பேச்சே வேண்டாம், மொத்தமாகப் பேசு, கேஸ் முடிந்ததும் வாங்கிக்கொள் என்றாள். அவர் நூறு என்றார். அவள் பறந்துவிட்டாள். மூன்றாவது மரம் வரை போனதும் அவர் கூப்பிட்டார். திரும்பி வந்தாள், எண்பது என்றார், மறுபடி பறந்தாள். கடைசியில் நாற்பதில் முடிந்தது. குமாஸ்தா ஓணானுக்கு வழக்கமாக ஓர் ஈசல் கொடுக்க வேண்டுமாம். அதையும் சிறகில்லாத ஈசலாகப் பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

முதல் நாள் மைதானத்து மரத்தடியில் கோர்ட் கூடியது. நீதிபதி ஒரு காட்டெருமை. நேர்மையானவர். விதிப் புத்தகத்தில் இருந்தால் இருக்கிறது என்பார், இல்லாவிட்டால் இல்லை என்பார். தளபதி உள்ளே வந்தார். குற்றவாளிக் கூண்டிலிருந்த தீத்தாரப்பன் அவரைப் பார்த்ததும் "டிட்டிட்டீ" என்று கத்திவிட்டான். வெளியே முந்நூறு பேரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். அவர்களைக் கலைத்துவிட்டு வர அரைமணி நேரம் ஆனது. வக்கீல் கிளை விட்டுக் கிளை பிடித்து இறங்கி வர இன்னொரு அரைமணி.

இறங்கியவர் அந்தப் பெரிய கண்களால் நீதிபதியைப் பார்த்தார். "வாய்தா வேணுங்க" என்றார்.

காட்டெருமைக்கு விளங்கவில்லை. "அது என்ன ஆயுதம்?" என்று கேட்டார்.

கேஸை இன்னொரு நாளுக்குத் தள்ளிப் போடுவது என்று விளக்கிச் சொன்னார்கள். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்கள். வாய்தா கொடுக்கலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. மறுக்கலாம் என்றால், மறுப்புப் படிவத்தில் எந்த விதியின்படி மறுக்கிறோம் என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுத விதி இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் அது தனிக் குற்றம். வேறு வழியில்லாமல் ஆறு நாள் வாய்தா கொடுத்தார்கள். தளபதி உறுமினார்.

பேச்சி நன்றி சொல்லப் புளியமரத்துக்குப் போனாள். மரத்தடியில் ஒரு கிழ நாகப்பாம்பு கேஸ் கட்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தது. எத்தனை நாளாக வருகிறீர்கள் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"எங்க தாத்தா போட்ட கேஸும்மா. அப்ப இவரோட சீனியர் பார்த்தாரு, இப்ப இவரு பாக்காரு. இந்த மரத்தடியில இதுவரைக்கும் ஒரு கேஸும் முடிஞ்சதில்ல."

அப்போதுதான் பேச்சிக்கு உறைத்தது. முடியாத கேஸில் எப்படித் தோற்க முடியும்? வீட்டுக்கு வந்து சொன்னாள். தீத்தாரப்பன் கூழாங்கல்லில் தலையை முட்டிக்கொண்டான். வாதாடத் தெரியாத ஆளை நாற்பது வெட்டுக்கிளி பேசிப் பிடித்துவிட்டோமே, கேப்டன் ஆமையே தேவலையே என்று புலம்பினான். பேச்சி முட்டைகளை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது முட்டையில் நின்றுவிட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ராணுவத்தில் சிரிப்பதற்கு முன்அனுமதி வேண்டும் என்பதைக்கூட மறந்து சிரித்தாள்.

"ஏங்க, நமக்கு எதுக்கு விடுதலை? நமக்கு வேண்டியது இந்த ஆறு போக இன்னும் பதினெட்டு நாளு."

அடுத்த வாய்தா அன்று காலையில் ஒரு வில்லங்கம் வந்தது. வக்கீல் அதிசயமாகச் சுறுசுறுப்பாக இருந்தார். மொத்தம் நாற்பது என்று பேசியாகிவிட்டது, இழுத்தால் தனக்குத்தான் நஷ்டம், அதனால் இன்றைக்கே பேசி முடித்துவிடப் போவதாகச் சொன்னார். பேச்சி அடித்த பேரம் அவள் குஞ்சுகளின் தலையிலேயே விழுகிறது. "மொத்தப் பேச்சு வேண்டாங்கய்யா. நீங்க முதல்ல கேட்ட மாதிரி வாய்தாவுக்குப் பத்துன்னே வச்சுக்கிடுவோம்" என்றாள்.

வக்கீல் ஜென்மத்தில் இப்படி ஒரு கட்சிக்காரியைப் பார்த்ததில்லை. கூடக் கொடுக்கிறேன் என்று வந்து நிற்பவளிடம் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று பயந்துவிட்டார். வேண்டாம், நாற்பதே போதும் என்றார். அவள் பதினொன்று என்றாள். நாற்பது வேண்டாம், முப்பத்தைந்து போதும் என்றார். அவள் பன்னிரண்டு என்றாள். அவர் மரத்தில் ஏறிவிட்டார். அவள் விடவில்லை, கிளைக்குக் கிளை துரத்தினாள். மரத்தடிக்கு வந்திருந்த அத்தனை மிருகங்களும் வேடிக்கை பார்த்தன. ஏற்றிக்கொண்டு போகிறவள் ஒருத்தி, இறக்கிக்கொண்டு வருகிறவர் ஒருவர். இரண்டு பேருக்கும் கோபம். கடைசியில் உச்சிக் கிளையில் மடக்கி, வாய்தாவுக்குப் பன்னிரண்டு என்று அவர் தலையில் கட்டினாள். ஓணானுக்குச் சிறகோடு ஈசல்.

அதற்குப் பிறகு வக்கீலைப் பிடிக்க முடியவில்லை. அன்றைக்குத் தன் சீனியர் இறந்துவிட்டார் என்று ஆறு நாள் வாய்தா வாங்கினார். அவரோடு வந்து கிளையில் தூங்கிக்கொண்டிருந்த சீனியர் ஒரு கண்ணைத் திறந்து, தான் இறந்த செய்தியைக் கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். பன்னிரண்டு நாள் பாக்கி.

மூன்றாம் தடவை, சான்றுப் பொருளான கடலைச் செடியைக் கோர்ட்டில் காட்ட வேண்டும் என்றார்.

"எந்தக் கடலைச் செடி?" என்று கேட்டார் காட்டெருமை.

அப்படி ஒரு செடியே கிடையாது என்று தளபதி குதித்தார். சரி, இல்லாத செடி இல்லை என்பதைத் தளபதிக்குச் சாதகமாக நிரூபிக்கவே ஆறு நாள் கேட்கிறேன் என்றார் வக்கீல். தனக்குச் சாதகம் என்றதும் தளபதியே தலையாட்டிவிட்டார். ஆறு நாள் பாக்கி.

நாலாம் தடவை வக்கீல் மரத்திலிருந்து இறங்கும்போது பாதியிலேயே தூங்கிவிட்டார். சிப்பாய் தூங்கினால் குற்றம் என்று புத்தகத்தில் இருந்தது. வெளி ஆள் தூங்கினால் என்ன செய்வது என்று இல்லை. கோர்ட் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றது. அவர் கண் விழித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இன்னும் ஆறு நாள்.

ஐந்தாம் தடவை, இருபத்தெட்டாம் நாள். காலையில் மூன்று முட்டைகள் பொரிந்தன. ஆள்காட்டிக் குஞ்சு பொரிந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நடந்துவிடும், அது ஒரு சௌகரியம். நாலாவது முட்டையில் ஒரு கீறல் மட்டும் விழுந்திருந்தது. உள்ளே தட்டும் சத்தம் கேட்டது, ஓடு உடையவில்லை. பேச்சி அதைவிட்டு எழவில்லை.

கோர்ட்டில் வக்கீல் வழக்கம்போலக் கண்ணை விரித்தார். காட்டெருமை புத்தகத்தில் புதிதாக ஒட்டிய ஒரு தாளைக் காட்டினார். இனி வாய்தா கிடையாது என்று தலைமையகம் எழுதி அனுப்பியிருந்தது. வாதாடு என்றார்கள்.

முப்பது வருஷத்தில் வக்கீல் வாதாடியதே கிடையாது. "கனம்" என்றார். கொட்டாவி விட்டார். "கோர்ட்டார்" என்றார். "அவர்களே" என்று முடிப்பதற்குள் கஞ்சி நேரம் தாண்டிவிட்டது. தனக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் அதுதான் என்பதால் அதையே மறுபடி முதலிலிருந்து சொன்னார். மதியம் ஆனது. காட்டெருமை பொறுமை இழந்து தீர்ப்பைப் படித்தார். குற்றவாளி. பொழுது சாய்வதற்குள் காலி செய்ய வேண்டும்.

தளபதி அந்த சந்தோஷத்தில் நேராகக் கடலைக் காட்டுக்குப் போனார்.

பொழுது சாயும் நேரம். காலி செய்துவிட்டார்களா என்று பார்க்கத் தளபதி மைதானத்துக்கு வந்தார். பேச்சி இன்னும் உட்கார்ந்திருந்தாள். அவர் காலடிச் சத்தத்தில் தரை அதிர்ந்தது. அந்த அதிர்விலேயே ஓடு உடைந்து, நாலாவது குஞ்சு ஈரத் தலையை வெளியே நீட்டியது. உலகத்தில் அது முதலில் பார்த்தது தளபதியைத்தான். யார் எவர் என்று பார்க்கவில்லை. "டிட்டிட்டீ" என்றது.

முந்நூறு சிப்பாய்கள் ஓடி வந்து இரண்டு வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். தளபதி "கலையலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் கடலைச் செடி இருந்தது.

ஈரம் காயும் வரை அந்த நாலாவது குஞ்சை வெயில் பக்கம் திருப்பி வைத்தாள் பேச்சி. தளபதி மென்றுகொண்டிருந்தார், நல்ல பெரிய செடி. பிறகு வேலை பறிபோன சிப்பாய் முன்னால், பெண்டாட்டி பின்னால், நடுவில் நாலு குஞ்சுகள். சல்யூட் அடித்த கை இறங்காமல் நின்ற இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்து அவர்கள் ராணுவ நிலத்தைத் தாண்டினார்கள். தளபதிக்குக்கூட அப்படி ஒரு வழியனுப்பு பிற்பாடு கிடைக்கவில்லை.

வேலிக்கு வெளியே தேவாங்கு வக்கீல் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தார். முப்பது வருஷப் பெயர் ஒரே நாளில் போய்விட்டதாம். அப்பீல் போடலாம், அது எப்படியும் இருபது வருஷம் இழுக்கும் என்றார். பேச்சி பேசிய வெட்டுக்கிளியைக் குறையாமல் கொடுத்தாள். அதற்கு மேல் ஒன்றும் வைத்தாள்.

"அப்பீல் இருக்கட்டுங்கய்யா. அடுத்த ஈடு முட்டைக்கு வாரேன். ஆனா பன்னெண்டு ரொம்ப ஜாஸ்தி, ஆறுன்னு வச்சுக்கிடுவோம்" என்றாள்.

நீதி: நியாயம் வேண்டுமென்றால் நல்ல வக்கீலைத் தேடுங்கள். குஞ்சு பொரிய வேண்டுமென்றால் கேஸை முடிக்கத் தெரியாதவரே போதும். ஆனால் அவரிடம் மறந்தும் மொத்தமாகக் கூலி பேசிவிடாதீர்கள்.