எட்டும் வாய்த்த கணேசபாண்டியன்

மனித மனத்துக்கு எட்டுச் செயல்பாடுகள் உண்டு என்று கண்டுபிடித்தவர்கள் உலக மேதைகள். அந்த எட்டும் ஒரே ஆளுக்குள் குறைவின்றிக் குடியிருப்பதைக் கண்டுபிடித்த பெருமையோ, மும்பை குர்லாவில் டைல்ஸ் பெட்டி அடுக்கும் ஒரு கோடவுனுக்கே சேரும்.

அந்த ஆள் தாராவி கணேசபாண்டியன். லாரியிலிருந்து லோடு இறக்கும் எட்டுப் பேரில் மூத்தவர்.

யாருக்கு எந்த மனப்பலம் என்று கேள்வி கேட்டு அறியும் சோதனை நடத்த, கம்பெனி அழைத்து, மாட்டுங்காவிலிருந்து சுஷ்மா மேடம் வந்திருந்தார்.

"பயப்படாதீங்கோ. இதுல ரைட், ராங் எதுவும் கிடையாது. உங்க 'பலம்' என்னன்னு பாக்கறோம், அவ்வளவுதான்."

கணேசபாண்டியன் இருபது வருஷம் நாக்காவில், கூலியாட்கள் வேலைக்குக் காத்திருக்கும் தெருமுனையில், நின்று கூலிவேலை பிடித்தவர். பெயிண்ட் தெரியுமா? தெரியும். பைப் வேலை? அதுவும் தெரியும். தெரியாது என்றவன் அன்றைக்கு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"தனியா இருக்கப் பிடிக்குமா?"

"ஆமா மேடம்."

"கூட்டத்தோட இருக்க?"

"ரொம்பப் பிடிக்கும்."

"மூளை சொல்றதைக் கேப்பீங்களா, மனசு சொல்றதையா?"

"ரெண்டு சொல்லுததையும் கேட்டுருவேன்."

"மதினி சொல்லுததத் தவிர" என்றான் பின்னால் நின்ற பூலோகம், எட்டுப் பேரில் ஒருவன்.

முடிவு வந்தது. அகமுக உள்ளுணர்வு நூற்றுக்கு நூறு: நாளை நடப்பதை இன்றே அறிவார். புறமுகப் புலனறிவு நூறு: கண்ணெதிரே நடப்பது எதையும் நழுவவிடமாட்டார். மீதி ஆறும் நூறு. மேடத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மேனேஜர் கைதட்டினார், பூங்கொத்து கொடுத்தார், வீணடிப்பதைக் கம்பெனி வெறுக்கிறது என்றார். எட்டுப் பலமும் ஓரிடத்தில் இருக்கையில் எட்டு ஆள் எதற்கு? மற்ற ஏழு பேரும் இந்த நிமிடம் முதல் 'விடுவிக்கப்படுகிறார்கள்'.

நாளை நடப்பதை அறிந்தவர் இதை அறிந்திருக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, எங்க சோத்துக்கும் சேத்து 'ஆமா' போட்டுட்டியளே!" என்றான் பூலோகம்.

கணேசபாண்டியன் மேடத்தின் முன்னால் போய் நின்றார்.

"முடியாது மேடம். ஒரு பெட்டியத் தூக்கவே ரெண்டு ஆளு வேணும். எது கேட்டாலும் ஆமான்னு சொல்லியே பழகிட்டு. இவனுவள அனுப்பாதிய."

மேடம் பரிவோடு சிரித்தார். "இப்ப பேசறது நீங்க இல்லை, உங்க ஸ்ட்ரெஸ். நெருக்கடின்னா மனுஷா தன் டைப்புக்கு மாறாப் பேசுவா. தியரியிலேயே இருக்கு. நிஜமான கணேசபாண்டியன் இதோ, இந்த ரிப்போர்ட்ல இருக்கார். அவரால முடியும்."

"கம்பெனி ரிப்போர்ட்டைத்தான் நம்பும்" என்றார் மேனேஜர்.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. கணேசபாண்டியன் தலையிலிருந்த சும்மாட்டைக் கழற்றினார். ரிப்போர்ட்டின் மேல் மெதுவாக வைத்தார்.

"அப்ப சரி மேடம். அந்த நிஜ கணேசபாண்டியன எறங்கிவந்து பெட்டியத் தூக்கச் சொல்லுங்க. நாங்க எட்டுப் பேரும் கெளம்புதோம். வயிறு இல்லாத ஆளுல்லா அவரு? ஒங்க கம்பெனி இத்தனை நாளாத் தேடுனதும் அவரத்தான்."