ஓசி டீயும் நாற்பது கையெழுத்தும்

வாழ்நாளில் ஒரு டீக்குக்கூடக் காசு கொடுக்காமல் நீலகிரியில் வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் 'ஓசி டீ'தான். குன்னூரிலிருந்து லவ்டேல் வரை அவருக்கு டீ கொடுக்காத வீடு ஒன்று இருந்தால், அது பூட்டிக் கிடக்கும் வீடாக இருக்கும். அல்லது என் வீடாக இருக்கும்.

நான் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஹெட் கிளார்க். அவர் சிறு விவசாயிகளின் பச்சை இலையை லாரியில் கொண்டுவரும் ஏஜெண்ட். எங்கள் பதிவேட்டில் அவர் வெறும் லாரி நம்பர். இலை முற்றல் என்று பாதி மூட்டையைத் திருப்பி அனுப்புகிறவரும் அவரே. ஆனாலும் விவசாயிகள் திட்டுவது என்னைத்தான். இது எந்த விதியின் கீழ் வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தேயிலை விலை படுத்துவிட்ட வருடங்கள் அவை. பலர் பறிப்பதையே நிறுத்திவிட்டார்கள், செடிகள் மரமாகிக்கொண்டிருந்தன. ஒரு நாள் முதலாளி சொன்னார்: "ஒரு வருஷம் இலை தர்றோம்னு நாப்பது பேர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. நாளன்னிக்குக் காலையில என் மேசையில இல்லேன்னா ஃபேக்டரிய மூடிடலாம்."

எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் பாக்கி. ஏழு பாராவில் பழுதில்லாத ஒரு படிவம் தயாரித்தேன். மழையில் ரோட்டில் மண் சரிந்து லாரி போக வழியில்லை. எனவே நானும் ஓசி டீயும் மறுநாள் காலை ரயிலில் கிளம்பினோம். கேத்தியில் இறங்கியதும் ஸ்டேஷன் நாய் அவரைப் பார்த்து வாலாட்டியது. அதற்கு பிஸ்கட் போட்டவன் நான்.

நேரத்தை மிச்சப்படுத்த, அவரை மேலே இருக்கும் ஊர்களுக்கு அனுப்பிவிட்டு நான் கீழே இறங்கினேன். ஒன்பது வீடுகள். எல்லா வீட்டிலும், "உக்காருங்க, டீ குடிங்க." எல்லா வீட்டிலும் என் பதில் ஒன்றே: "வேண்டாம்மா, நேரமில்லை. இரண்டாவது பாராவைப் படியுங்க." எல்லோரும் மரியாதையாகப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மதியம் அவர் சரிவில் இறங்கி வந்தார். கையில் முப்பத்திரண்டு கையெழுத்து. என்னிடம் ஒன்றுகூட இல்லை. வயிறு எரிந்தது.

"ஏனுங்க சார், டீ குடிச்சீங்களா?"

"அதுக்கெல்லாம் ஏது நேரம்?"

தலையில் கை வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டார். "விலையில்லாம இலையக் காட்டுலயே உட்டுப்போட்டு உக்காந்திருக்காங்க. அவங்க ஊட்டு டீ வேண்டாம், இலை மட்டும் வேணும்னா யாருங்க நம்புவாங்க?"

அதே ஒன்பது வீடுகளுக்கும் மறுபடி போனோம். முதல் வீட்டில் மாதம்மா வாசலை அடைத்து நின்றார்.

"இந்த சாரா? இவருக்கு நம்ம டீ ஆகாதே."

"காலையில வயிறு சரியில்லைங்கம்மா. இப்ப ரெண்டு டம்ளர் குடிப்பாரு பாருங்க."

குடித்தேன். அவரும் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஏம்மா, இது டீயா, மாட்டுக்கு வெச்ச கழனித்தண்ணியா?"

"உங்க ஃபேக்டரித் தூள்தான் அண்ணா!"

"அதானே பார்த்தேன்!"

வீடே சிரித்தது. மாதம்மா என் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது பாராவை ஒருவரும் படிக்கவில்லை.

சாயங்கால ரயிலில் ஏறும்போது நாற்பத்தோரு கையெழுத்து. ஒன்பது வீட்டு டீயும் ஒவ்வொரு வளைவிலும் என் வயிற்றில் அலையடித்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் 'கையொப்பங்களைப் பெற்றவர்' என்று ஒரு வரி. வழக்கப்படி என் பெயரை எழுதினேன். எதிரே அவர் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். செருப்பு முழுக்கச் சேறு. அவரையும் என் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஆவணத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்று முப்பது வருடம் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த நான், என் பெயரை அடித்தேன்.

அவரைத் தட்டி எழுப்பினேன். "உங்க பேர் என்னங்க?"

கண்ணைக் கசக்கிக்கொண்டார். "யாரும் கேட்டு ரொம்ப நாளாச்சுங்க" என்றார். பிறகு சொன்னார். எழுதிக்கொண்டேன்.

மறுநாள் ஃபேக்டரி ஓடியது. முதலாளி கையெழுத்துகளை எண்ணினாரே தவிர, கடைசி வரிவரை படிக்கவில்லை. பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஓசி டீயைத் தெரியும். அவர் பெயர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதை இங்கே எழுத மாட்டேன். யாருக்கும் கொடுக்க எனக்கு மனசில்லை.