லோர்னை எங்கே வைத்தோம் என்பது பற்றி

சாஸ்கட்டூன்
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய மேவிஸ் அக்கா அவர்களுக்கு, டெல்மர் ப்ரீசன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் மாநாட்டுக் குழுவினர் உடல் நலம். மன நலம் பற்றி இப்போதைக்கு எழுதுவதற்கில்லை. மெடிசின் ஹாட் ஊரில் தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறைந்திருந்தாலும் இக்கடிதத்தை உட்கார்ந்தே படிக்கவும்.

சர்வதேசக் கணினித் தொல்லியல் மாநாடு நேற்றோடு முடிந்தது. தங்கள் தம்பி லோர்ன் அரும்பாடுபட்டு நம்ம ஊருக்குக் கொண்டுவந்து, அது தொடங்குவதற்குள் கண்ணை மூடிவிட்ட அதே மாநாடுதான். அவருடைய சாம்பலை எங்களிடம் ஒப்படைத்தபோது தாங்கள் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "அந்தக் காலத்து விலங்குத் தோல் வியாபாரிங்க கோட்டையில அவன் தோண்டிக் கண்டுபிடிச்சானே ஒரு அடுப்பு, அதுகிட்ட வைக்கணும்னு அவனுக்கு ஆசை. வைங்க. முடியலைன்னா என்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க, அம்மா பக்கத்துல புதைச்சுக்கறேன். ரெண்டுல ஒண்ணு. மூணாவதா எதையாவது பண்ணினீங்க, அப்புறம் இருக்கு." அக்கா, மூணாவதாக ஒன்று நடந்துவிட்டது.

தாங்கள் தந்த கண்ணாடி ஜாடி பஸ்ஸில் உடைந்துவிடும் என்று பயந்து, என்னோடு மாநாட்டை நடத்திய பெர்னிஸ் சாம்பலை மூடி போட்ட ஒரு காலி பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் வாளிக்கு மாற்றினாள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் ஆய்வகத்தில் மதிப்புள்ள பொருள் எல்லாமே ஐஸ்கிரீம் வாளியில்தான் இருக்கிறது, லோர்ன் தோண்டியெடுத்த அந்த அடுப்புச் சாம்பல் உட்பட. அது என்ன விறகு என்று பார்க்கச் சொல்லி ஒட்டாவா ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அவர் ஆசை. போன வாரம் அதையும் பெர்னிஸ்தான் அனுப்பிவைத்தாள். துருப்பிடித்த ஆணிக்குக்கூட எண் போட்டுச் சீட்டு ஒட்டுகிறவள், தங்கள் தம்பி விஷயத்தில் மட்டும், "அவருக்கு நம்பர் போட எனக்குக் கை வரலை டெல்மர்"னு அழுதுவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை.

நேற்று வெளிநாட்டு விருந்தினர் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, தொல்லியல் தரவுத்தளத்தில் அந்தக் கோட்டைக்குப் போட்டிருக்கிற இடக்குறிப்பைப் பார்த்துக்கொண்டே போனோம். வண்டி போய் நின்ற இடம் ஒரு பன்றிப் பண்ணையின் கழிவுக் குளம். உலகத்துக் கணினித் தொல்லியல் மூளை அத்தனையும் மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னுது. ஜெர்மனிக்காரப் பேராசிரியர் ஒருத்தர் மெதுவா கேட்டார், "பொதுவுல போடற குறிப்பெல்லாம் வேணும்னே கொஞ்சம் இடம் தள்ளிப் போடறதுதானே?"ன்னு. புதையல் தேடறவன் கருவியைத் தூக்கிக்கிட்டு வந்து நோண்டிடக் கூடாதுன்னு, எந்த இடத்தையும் ஊருக்குச் சொல்லும்போது நாங்க கொஞ்சம் நகர்த்தித்தான் சொல்வோம். இது எங்க தொழில்ல பால பாடம். நகர்த்தற நிரலை எழுதினதே லோர்ன்தான். ஆய்வகத்து ஆளுங்க நாங்க யாரும் அங்க போனதே இல்லை. சரியான இடம் அவர் கணினியில மட்டும்தான் இருக்கு, கடவுச்சொல் அவரோட போயாச்சு. திருடனுக்குன்னு அவர் வெச்ச பொறியில, அவரையே தூக்கிக்கிட்டுப் போய் நாங்க விழுந்தோம்.

பண்ணைக்காரர் வீப் வந்தார். "என்னப்பா கூட்டம்? அரசாங்கமா?"

"இல்லைங்க. ஒருத்தரோட சாம்பலைத் தூவ வந்தோம்."

"இங்கயா? அவர்மேல உங்களுக்கு அப்படி என்ன கோவம்?"

திரும்பிடலாம்னுதான் நான் சொன்னேன் அக்கா, சத்தியமா. பெர்னிஸ் கடைசியா ஒரு தடவை முகம் பார்க்கற மாதிரி மூடியைத் திறந்தா. நம்ம பக்கத்துக் காத்தைப் பத்தி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பாதி குளத்துல, பாதி ஜெர்மனிக்காரர் கோட்டுல. பிடிக்கப் போனவ வாளியையும் குளத்துல விட்டுட்டா. கோட்டுல அப்பின கரியைப் பார்த்துட்டு வீப், "மனுஷன் ரொம்ப சிகரெட் பிடிப்பாரோ?"ன்னார். யாரும் சிரிக்கலை. நான் மட்டும் சிரிச்சேன், அப்புறம் பஸ்ஸுக்குப் பின்னாடி போய் அழுதேன். நாங்க கிளம்பற வரைக்கும் வீப் தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு நின்னார்.

ஆகவே, இனி லோர்னைத் திரட்டி எடுக்க வழியில்லை. அடுப்பும் கிடைக்கவில்லை, அம்மாவும் கிடைக்கவில்லை. தாங்கள் புறப்பட்டு வர வேண்டாம். கல்லறையில் அம்மா பக்கத்து இடத்தையும் விட்டுவிடுங்கள். என்னைத் திட்ட வேண்டுமென்றால் பகலில் போன் செய்யவும், எடுத்துப் பேசுகிறேன். கர்த்தர் தங்களுக்குத் தெம்பும், எங்களுக்கு மேலும் கொஞ்சம் புத்தியும் அருளட்டும். பெர்னிஸ் தன் வணக்கத்தைச் சொல்லத் துணியவில்லை, நானே சேர்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் முகத்தில் விழிக்க முடியாத
டெல்மர் ப்ரீசன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போறேன், ஒட்டாவாவுலேர்ந்து போன். "நீங்க அனுப்பினது விறகுச் சாம்பல் இல்லீங்க. மனுஷ எலும்பு. அதுவும் புதுசு. போலீஸுக்குச் சொல்லணுமா, இல்ல உங்களுக்கே யாருன்னு தெரியுமா?"ன்னு அந்த ஆய்வகத்து அம்மா கேட்டாங்க. தெரியும்னேன். அடுப்புச் சாம்பல் இருந்த பழைய வாளியோட சீட்டு எப்பவோ உதிர்ந்து போயிருக்கு. சீட்டில்லாத வாளி ரெண்டும் ஒரே அலமாரியில இருந்திருக்கு. குளத்துல போனது, லோர்ன் உயிரா நினைச்ச அந்த அடுப்பு. லோர்ன் ஒட்டாவாவுல பத்திரமா இருக்கார். ஆனா அந்த அகழாய்வோட மாதிரி எதையும் வெளிய விடணும்னா அகழாய்வுத் தலைவர் கையெழுத்து வேணுமாம். தலைவரே அந்த வாளிக்குள்ளதான் இருக்கார்னேன். பெர்னிஸ் விமான நிலையத்துக்குக் கிளம்பிட்டா, அவரை வாங்காம திரும்பமாட்டா. சீட்டு ஒண்ணு எழுதிக் கைப்பையில வெச்சிருக்கா. எண் இல்லை, பேர் மட்டும்தான். அம்மா பக்கத்து இடத்தை விட்டுடாதீங்க அக்கா.