மூன்றாம் துண்டைத் தேடிய பெரும்போர்

பனிசூழ் மலைத்தொடரின் தவப்புதல்வி, ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவின் லயவீட்டு வரிசையில் ஆறாம் அறையாகிய காம்பரா ஈன்ற அருங்கொழுந்து, மடிக்கணினி ஏந்திய கொற்றவை பிரஷாந்தினி வாழ்க. அவள் புகழ் விரியுமுன், செல்லங்களே, போர்வையை இழுத்துக்கொண்டு கிட்ட வாருங்கள், குளிர் பொல்லாதது.

போர் எதற்கு என்பீர்கள். தேயிலையின் உயிரணு, மரபணுவை ஆர்.என்.ஏ என்னும் ஓலையில் படியெடுத்து, தையற்காரர் துணி வெட்டுவதுபோல் வேண்டாததை வெட்டி, மிச்சத் துண்டுகளை ஒட்டும். ஒரே ஓலையை வேறு விதமாக ஒட்டி வேறு புரதம் செய்யும் மாயமும் அதற்குண்டு. கொப்புள நோய் கண்ட இலையில் மூன்றாம் துண்டு விடுபட்டு, இரண்டும் நாலும் நேரே கைகோக்கும் என்று ஆய்வுக்குழு முன் சூளுரைத்திருந்தாள் நம் தலைவி. அன்று பகல் இரண்டு மணிக்குள் சான்று காட்டாவிட்டால் ஆராய்ச்சியே பறிபோகும்.

இலைகளின் ஆர்.என்.ஏ ஓலைகளை இயந்திரம் படித்துத் தந்த, நோயிலை, நல்லிலை எனப் பெயர் சூடிய இரு கோப்புகளிலிருந்தும் நாலு கோடி எழுத்துத் துணுக்குகள் ஈசற்படையெனப் புறப்பட்டு வர, அவற்றை மரபணு வரைபடத்தின்மேல் இடம்பார்த்து அடுக்கி, கணினியின் அனல் தொடையைச் சுட, இரண்டுக்கும் நாலுக்கும் பாலமிடும் ஒரு துணுக்கைத் தேடி, மதயானையை மறித்த மறவனெனப் பதுளை நகர வாடகை அறையில் அமர்ந்தாள். கிடைத்தது ஒன்று. வெற்றிச்சங்கம் முழங்கிற்று, முழங்கியது பக்கத்து வீட்டுக் குக்கர். உற்று நோக்கின், அத்துணுக்கு நாலாம் துண்டில் ஊன்றியிருந்தது மூன்றே எழுத்து. மூன்றெழுத்து எங்கும் பொருந்தும், அது சான்றாகாது. இரு கோப்புகளும் இரட்டைப் பிள்ளைகளாய் ஒரே முகம் காட்டி நின்றன.

இலை பறித்து, நறுக்கி, மருந்துக் குப்பிகளில் அடைத்துத் தந்தவள் அத்தை பெரியாயி. இருபத்தேழு வருடம் கொழுந்தெடுத்த கை. தேயிலை மலையில் நின்றவளைப் போனில் பிடித்தாள் தலைவி.

"அத்தை, நோய்க் குப்பியில போட்டது கொப்புளம் வந்த இலைதானே?"

"நோய் புடிச்ச மலையிலதாம்மா எடுத்தேன். கொப்புளத்தையெல்லாம் பொறுக்கி வீசிட்டு, நல்லதா ரெண்டு இலையும் மொட்டுமாப் போட்டேன்."

"ஏன் அத்தை வீசுனீங்க?"

"நல்லா கேட்ட போ. அழுகுனத டவுனுக்கு அனுப்புனா, இவளுக்குக் கொழுந்தெடுக்கவே தெரியாதுன்னு சொல்ல மாட்டாங்களா?"

கேட்ட தலைவி, இடியுண்ட நாகமெனச் சுருண்டு, பின் சினந்தணிந்து, அவைக்களம் புகுந்து உள்ளதை உள்ளபடி உரைக்க, ஆய்வுக்குழுச் சான்றோர் மூவரும் எழுந்த சிரிப்பை இருமலாய் மாற்றி ஒரு திங்கள் தவணை அருளினர்.

மறுநாள் காலையில் அவளே போய்க் கொப்புள இலை பறித்தாள். அத்தையை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டாள்.