மூன்றாவது டிஸ்சார்ஜ்

தாராவி,
வெள்ளிக்கிழமை

பெருமதிப்புக்குரிய சுரேந்திரன் மாமாவுக்கு, தங்கள் தங்கை மகள் இசக்கிசெல்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பாவின் வலது கை நீங்கலாக அனைவரும் நலம். அங்கு தாங்களும் அத்தையும் முழு நலத்துடன் இருக்க வேண்டுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். எங்கள் அறையில் பேசினால் அடுத்த அறையிலிருந்து பதில் வருகிறது. அதனால் தாணேக்கு வேலைக்கு வரும் கீதா அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவின் கை குர்லா பட்டறை பிரஸ் மெஷினில் போனதும் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து ‘டிஸ்சார்ஜ்’ என்றார்கள், வீட்டுக்கு அழைத்து வந்தோம், பின்னாலேயே பட்டறையிலிருந்தும் ‘டிஸ்சார்ஜ்’ என்று ஆங்கிலத்தில் கடிதம் வந்தது, வேலை போயிற்று. இன்று, பட்டறை முதலாளி சேட்டு மீதான வழக்கில் நம் வக்கீல் போன் செய்து, “சேட் டிஸ்சார்ஜ் ஹோ கயா”, சேட்டு டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார், என்றார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

“ஏட்டி, அவன் சீட்டையும் கிழிச்சிட்டாவளா! ஒங்கப்பாவ வெளிய தள்ளுனாம்லா, இப்பம் அவனத் தள்ளியாச்சு!”

“முதலாளிய யாரும்மா வேலைய விட்டுத் தூக்குவா?”

“கோர்ட்டு தூக்கும். பி.ஏ. படிச்சவளுக்கு இது தெரியலயாக்கும்!”

லட்டு வாங்க ஓடினாள். ஒரே கேஸுக்கு இது இரண்டாவது லட்டு ஆர்டர், முதல் ஆர்டர் சேட்டு வீட்டுக்குப் போயிற்று என்றாராம் கடைக்கார ஷகீல் பாய். “வெக்கங்கெட்ட பய, வேலை போனதுக்கு லட்டு குடுக்கான்!” என்று அம்மா சந்து முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாள். அப்பா இடது கையால் இரண்டு லட்டு சாப்பிட்டார்.

கோர்ட்டில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு, மாமா. விசாரிக்கிற அளவுக்குக்கூட வழக்கில் ஒன்றுமில்லை என்று சேட்டை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டார்கள். நிரபராதி என்று விடுதலை செய்வதாக இருந்தால்கூட முதலில் விசாரித்திருக்க வேண்டும். இங்கே அப்பாவின் கையைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். ஒரே ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வாய் வரவில்லை.

சொல்லாமலும் இருக்க முடியாது. சேட்டு ஒழிந்தான், இனிப் பயமில்லை என்று அம்மா திங்கட்கிழமை தம்பி மாரிக்கண்ணனை அதே மெஷினுக்கு அனுப்பப் போகிறாள். பட்டறை மேஸ்திரியும், “ஆள் இல்லாமத்தான் கெடக்கு, வரச் சொல்லுங்க” என்றுவிட்டாராம். அம்மா உங்கள் பேச்சைத்தான் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அர்த்தத்தைச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாக வேண்டாம்.

அத்தைக்கு வணக்கம். பிரேமலதாவுக்கு அன்பு. எல்லோரையும் அம்மன் காக்கட்டும்.

தங்கள் மருமகள்,
இசக்கிசெல்வி

பி.கு.: உறையை ஒட்டும்போது அம்மா, “மாமனுக்கு என்னத்த எழுதுத? வாசி” என்றாள். முழுவதும் வாசித்தேன். லட்டுப் பெட்டியை மூடினாள். “அப்பம் சேட்டு அங்கனதான் இருக்கான். சம்பளம் ஒழுங்கா வரும்லா” என்றாள். ஆகவே மேலே எழுதியதற்காக நீங்கள் வர வேண்டாம். வருவதானால் தாணே கோயிலில் ஒரு கறுப்புக் கயிறு மந்திரித்து வாங்கி வரச் சொல்கிறாள், மாரிக்கண்ணனுக்கு. வலது கைக்கு.