டேப்பெட் சத்தம் ஆகாதவர்

வாசகரே, இந்த ஆளை உங்களுக்குத் தெரியும். உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். கோளாறைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. கோளாறு போடுகிற சத்தம்தான் ஆகாது. வெளியிலிருந்து பார்த்தால் சாது. மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான நடை, யார் எந்தக் குறையைச் சொல்ல வாயெடுத்தாலும் உடனே உயரும் ஒரு கை, "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று ஒரு புன்னகை. அந்த 'அப்புறம்' இதுவரை எந்தக் காலண்டரிலும் வந்ததில்லை.

நான் சொல்லப்போகிறவர் ஒரு லாரி முதலாளி. ஒரே ஒரு லாரிதான். அவருடைய கொட்டகைக்கு எதிரே எனக்கு உதிரிபாகக் கடை இருப்பதால், பதினோரு வருடமாக அவரைத் தேவைக்கு அதிகமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பட்டறைத் தெருவில் அவருக்கு 'உஷ்' என்று பெயர். மின்விசிறி கடகடவென்றால் ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்ய மாட்டார். அதை அணைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவார். கொட்டகையில் நாய் ஒன்று இருந்தது. ஓயாமல் குரைக்கிறது என்று அதை யாருக்கோ கொடுத்துவிட்டார். அடுத்த வாரமே இரண்டு டயர்கள் களவு போயின. "வந்தவன் ஒரு சத்தம் போடலைங்க, தொழில் தெரிஞ்சவன்" என்று என்னிடம் மரியாதையோடு சொன்னார். இப்படிப்பட்டவரிடம் போய் ஒரு டீசல் இன்ஜின் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

இன்ஜின் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. இன்ஜினின் தலையில் வால்வுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மேலிருந்து ஒரு கை தட்டித் திறக்கிறது. தட்டும் கைக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு துளி இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைச் சரியாக வைப்பதைத்தான் பட்டறையில் 'டேப்பெட் வைப்பது' என்பார்கள். ஏனென்றால் சூடேறினால் இரும்பு நீளும். இடைவெளி அதிகமாகப் போனால் டக் டக் என்று சத்தம் வரும். குறைந்துபோனால்? சத்தமே வராது. வால்வு முழுசாக மூடாது, நெருப்பு அந்தச் சந்து வழியாகப் போய் அதன் விளிம்பைத் தின்றுகொண்டே இருக்கும். அமைதியாகத் தின்னும்.

ஒருநாள் காலை லாரியில் டக் டக் கேட்டது. உஷ் முதலில் ஓடிவந்தது என் கடைக்குத்தான். "சத்தத்தை அமுக்குற மாதிரி கெட்டியா ஆயில் இருக்கா?" இருந்தது. இரண்டு டின் கொடுத்தேன். பிரயோஜனமில்லை என்று தெரிந்தே, வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆயிலுக்குச் சத்தம் அடங்காமல் போகவே பட்டறை மேஸ்திரியை அழைத்தார். எங்கள் தெருவில் அந்த மேஸ்திரியைப் போல டேப்பெட் வைக்க ஆள் இல்லை. இன்ஜின் நன்றாக ஆறியிருந்தால்தான் கை வைப்பார். மேல்மூடியைக் கழற்றி, இன்ஜினை மெல்லச் சுற்றிக் குறிக்கு நேராக நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து அளவுத் தகட்டை எடுத்து இடைவெளியில் நுழைத்து, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை இம்மி இம்மியாகத் திருப்பி, தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வருகிற பதம் கைக்குத் தெரிந்ததும் நட்டை இறுக்கி, இறுக்கும்போது அளவு நகர்ந்திருக்குமோ என்று மறுபடியும் தகட்டை விட்டுப் பார்த்து, இப்படியே பன்னிரண்டு வால்வுக்கும் செய்து முடித்தார். வண்டியைக் கிளப்பினார்கள். டக் டக் போய்விட்டது. கூர்ந்து கேட்டால் மட்டும் ஒரே சீராக டிக் டிக்.

உஷ்ஷின் காதுக்குக் கூர்மை சொல்லித் தரவேண்டுமா? "இன்னும் வருதே?"

"வரணுங்க. வரலைன்னாதான் எனக்குப் பயம்."

"கொஞ்சம் இறுக்கி விட்டுடுங்களேன்."

"இறுக்குனா வால்வு கருகிடும். நான் செய்ய மாட்டேன்."

"என்னங்க, ஒரு சத்தத்தை நிறுத்தத் தெரியாம நீங்க என்ன மேஸ்திரி?"

மேஸ்திரி தகட்டைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கேட்டதைச் செய்துகொடுக்கிற ஒரு மகராசன் அடுத்த தெருவில் கிடைத்தான். தகடாவது, அளவாவது! ஸ்க்ரூவை முட்டுகிறவரை திருகிவிட்டு, "இப்ப கேளுங்க சார்" என்றான். உஷ் கண்ணை மூடிக் கேட்டார். அவர் முகத்தில் அப்படியொரு ஆனந்தத்தை அவர் கல்யாணத்தன்றுகூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த லாரியை ஓட்டுகிறவர் அவருடைய தங்கை கணவர். சொந்தமாக வேறு பிழைப்பு இல்லை. அந்த லாரி ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். பத்தாவது நாள் வந்து நின்றார்.

"மச்சான், மேட்டுல இழுக்க மாட்டேங்குது."

"சத்தம் வருதா?"

"சத்தம் இல்ல. ஆனா..."

"அப்புறம் என்ன மாப்பிள்ளை?"

பதினைந்தாவது நாள், "காலைல ஸ்டார்ட் ஆகவே கால் மணி நேரம் ஆகுது மச்சான். மேஸ்திரிகிட்ட ஒரு தடவை காட்டிடலாம்."

"சத்தம் வருதா?"

"இல்ல."

"நல்லா இருக்கறதைக் கெடுக்காதீங்க. நீங்க வேற, எப்பப் பாத்தாலும் அந்த வண்டி மாதிரியே டக் டக்குனு!"

தங்கையும் ஒருமுறை நேரில் வந்தாள். "அண்ணே, மலைப்பாதையில லோடோட போறாரு. பயமா இருக்கு." அவளுக்கும் கை உயர்ந்தது, புன்னகை வந்தது. அதன்பிறகு மாப்பிள்ளை எதுவும் சொல்லவில்லை. வண்டி எடுப்பார், விடுவார், சாவியை ஆணியில் மாட்டுவார், போவார். உஷ் என் கடைக்கு வந்து சொன்னார்: "மாப்பிள்ளை இப்பதாங்க திருந்தியிருக்காரு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கல்லாவில் உட்கார்ந்தபடி சிரித்துத்தான் வைத்தேன்.

மூன்றாவது வாரம், முழு லோடோடு பாதி மேட்டில் இன்ஜின் ஒரே ஒரு சத்தம் போட்டது. அதுதான் கடைசி. பின்னால் பள்ளம். மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தபடி கிளீனரை இறக்கிச் சக்கரங்களுக்குக் கல் வைக்கச் சொல்லி, ஐந்து மணி நேரம் வெயிலில் காத்திருந்து, இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மேஸ்திரி மறுபடியும் வந்தார். தலையைப் பிரித்தார். ஒரு வால்வின் விளிம்பு எலி கடித்த பிஸ்கட்டாக இருந்தது. அதிலிருந்து உடைந்து விழுந்த துண்டு பிஸ்டனைக் குத்திக் கிழித்திருந்தது. உஷ் அந்த வால்வைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, குரலில் நிஜமான வருத்தத்தோடு கேட்டார்:

"இதை ஏன் யாருமே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

இந்த இனத்தின் முத்திரை வாக்கியம் இது. குறித்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். நான் என் செருப்பைப் பார்த்தேன். மாப்பிள்ளை சாவியை எடுத்துவந்து, பிரித்துப் போட்டிருந்த இன்ஜின் தலையின் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். மறுநாள் முதல் மாப்பிள்ளை வேறொருவருடைய லாரியை ஓட்டுகிறார். தங்கையும் அண்ணன் வீட்டுப் படி ஏறுவதில்லை. உஷ்ஷுக்கு அதில் கோபம் ஏதும் இல்லை. "தங்கமான மனுஷங்க. போகும்போதுகூட ஒரு சத்தம் போடல பாத்தீங்களா?" என்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் உங்களை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் ஒருவர் கொஞ்ச நாளாகப் பேசுவதில்லையே, கவனித்தீர்களா? 'இப்பதான் வீடு நிம்மதியா இருக்கு' என்று நேற்று யாரிடமோ சொன்னீர்களாமே?