மேயரைச் சேற்றில் உட்கார வைத்த கதை

வெளிநாட்டில் படித்தால் பார்வை விசாலமாகும் என்று கல்லூரியில் எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். என் பார்வை விசாலமானபோது நான் இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்திருந்தேன் என்பதை மட்டும் வெளியே சொல்வதில்லை. (நான் சொல்லாவிட்டால் என்ன, ஊரே சொல்கிறது.)

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு நடவுதான் பிழைப்பு. ஆனால் என்னை மட்டும் வயலில் இறங்கவிட மாட்டார். "நான் இறங்குனது போதும், நீ கம்ப்யூட்டரப் படி" என்பார். நானும் பஸ் ஜன்னல் வழியாகவே விவசாயம் பார்த்து வளர்ந்தேன்.

தஞ்சாவூரில் பொறியியல் படித்தபோது, ஒரு வருடம் ஜப்பானில் படிக்க இடம் கிடைத்தது. (கம்ப்யூட்டர் என்றாலே ஏதாவது ஒரு நாடு கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது.) அடுக்குமாடிகளை எதிர்பார்த்துப் போனேன். கண்ணுக்கு எட்டிய வரை வயல். இதற்கு எதற்கு இத்தனை தூரம் வந்தோம் என்று இருந்தது.

பேராசிரியர் மொரிதா முதல் நாளே என் ஊரைப் பற்றி விசாரித்தார். பேரை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். "தமிழ்நாட்டுக்கே சோறு போடுற ஊர் சார்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு நடவு நடத் தெரியுமா?"

"சின்னப் பிள்ளையிலேர்ந்து" என்றேன், கூசாமல்.

அந்த ஊரில் நடவுக்கு இயந்திரம் இருந்தது. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை மாணவர்களை வயலுக்கு அழைத்துப்போய்க் கையால் நடச் சொல்வார்கள். மேயர் வருவார், பத்திரிகைக்காரர் வருவார், ஒரே திருவிழா. அந்த வருடம் பேராசிரியர் மைக்கைப் பிடித்து, இந்தியாவிலிருந்து வந்திருக்கும் நடவு நிபுணர் முதலில் இறங்கி வழிகாட்டுவார் என்று அறிவித்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். யார் அந்த நிபுணர் என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

இறங்கினேன். நாற்றை ஊன்றி, ஒரு எட்டு முன்னால் வைத்தேன். மறுபடியும் ஊன்றி, மறுபடியும் ஒரு எட்டு. நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. (பஸ்ஸும் ஓடுகிறது, அவர்களும் நகர்கிறார்கள். எந்தப் பக்கம் என்று யார் கவனித்தது?) ஊன்றியதையெல்லாம் நானே மிதித்துக்கொண்டு கம்பீரமாகப் போனேன். பின்னாலேயே மேயர் தலைமையில் மொத்தக் கல்லூரியும் மிதித்துக்கொண்டு வந்தது.

மேயர் எட்டி நடந்து என் பக்கத்தில் வந்தார். "உங்க ஊர்ல முன்னாலதான் போவாங்களா?"

"எங்க ஊர்ல இப்படித்தாங்க" என்றேன். அந்த நேரத்தில் திரும்பினால் மானம் போய்விடும்.

அடுத்த எட்டில் வலது கால் வரவில்லை. இழுத்தேன். உடம்பு வந்தது, கால் வரவில்லை. விழும்போது கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன். அது மேயரின் கழுத்துத் துண்டு. இருவரும் அக்கம்பக்கமாகத் தொப்பென்று உட்கார்ந்தோம்.

மேயர் மூக்கிலிருந்து சேறு சொட்ட, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "இதுவும் உங்க ஊர் வழக்கமாங்க?"

நான் தலையாட்டினேன்.

அவர் திரும்பிக் கூட்டத்திடம் ஏதோ சொன்னார். பேராசிரியர் உட்பட அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே பயபக்தியோடு சேற்றில் உட்கார்ந்தார்கள். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார்.

உட்கார்ந்த பிறகுதான் இடுப்பு வலி தெரிந்தது. நான் குனிந்திருந்தது கொஞ்ச நேரம். அம்மா காலையில் குனிந்தால் உச்சி வெயிலில்தான் நிமிர்வார். இது எனக்குப் புரிய ஜப்பான் வரைக்கும் வரவேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முகம் முழுக்கச் சேறாக இருந்ததால் எது வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

பத்திரிகையில் வந்த படத்தைப் பேராசிரியர் பெருமையோடு எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். படம் போய்ச் சேர்ந்த வாரம் அம்மாவிடம் போனில் பேசினேன்.

"ஏன்டி, நாத்தெல்லாம் உனக்குப் பின்னால மிதிபட்டுக் கெடக்கு. முன்னால போனியா?"

"ஆமாம்மா."

"நடவு நடறவ எங்கயாச்சும் முன்னால போவாளா? அது கெடக்கட்டும். பக்கத்துல உக்காந்திருக்காரே, அந்தப் பெரிய மனுசன் யாரு?"

"அந்த ஊர் மேயரும்மா."

"அவர ஏன்டி உக்கார வச்ச?"

விழுந்த கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் பேச்சில்லை. கோபம் என்று பயந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்.

ஊர் திரும்பியதும் அவரே என்னை வயலில் இறக்கினார். "ஜப்பான்காரன் வந்து கேட்டா என் மானம்ல போவும்" என்றார். நான் நட்டது கோணல்மாணலாகத்தான் வந்தது. அதிலிருந்து எங்கள் ஊரில் யார் கோணலாக நட்டாலும் அதற்குப் பெயர் ஜப்பான் நடவு.

போன சம்பாவில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, ஆசையாக அம்மா நடும் வயலில் ஒரு மூலையில் நட்டுவிட்டு வந்தேன். புதிதாக வந்த வேளாண்மை அதிகாரி அந்த மூலையைப் பார்த்து ஜீப்பை நிறுத்தினாராம்.

"இது என்னங்கம்மா, இப்படி நட்டிருக்கீங்க?"

"ஜப்பான் நடவு சார்" என்றாராம் அம்மா, சிரிக்காமல்.

அதிகாரி இறங்கி, நாலு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார். "புது முறையா இருக்கே. யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"எம் பொண்ணு சார். அங்கயே போயி, ஒரு வருசம் தங்கிப் படிச்சுட்டு வந்தா."